அனுப்புநர்

காரைக்குடி, செக்காலை ரோடு மாடியில்
ஸ்டிக்கர் பிரிண்டர்
இருநூற்றுப் பன்னிரண்டாவது தடவையும்
ஒன்றுமில்லாததைப் பிழையில்லாமல் அச்சடித்தது.

பெறுநர்: ஈப்போ. கிள்ளான். ஈசூன்.
எடை: ஒரு கிலோ இருநூறு.
உள்ளே: மனகோலம், சீப்புச்சீடை, மாவுருண்டை.
அனுப்புநர்:
அப்புறம் வெள்ளை.

முதலில் பார்த்தது பஞ்சவர்ணம் அக்கா.
விரலெல்லாம் எண்ணெய் என்பதால் நகத்தால் பிடித்து
"தம்பி, இது யார் வீட்டுப் பலகாரம்?
பேருமில்ல, ஊருமில்ல."
திருச்சிக்கு வேன் நாலரைக்கு.
அப்போது மணி ரெண்டு பத்து.

கறுப்பு ஜன்னலைத் திறந்தேன்.
சிவப்பில் ஒரு பிழை வரி வந்திருந்தால்
திட்டுவதற்காவது ஆள் கிடைத்திருக்கும்.
இது அப்படியில்லை.
இல்லாத மாறி இல்லையென்று சொல்வதில்லை,
காலியாக நிற்கிறது,
பந்தியில் இலை போட்டு ஆள் வராத இடம் மாதிரி.

சூழல் மாறி என்று தமிழில் பெயர் வைத்திருக்கிறார்கள்.
சூழல் மாறித்தான் போயிருந்தது:
என் லேப்டாப்பில் ஓடியது, இங்கே ஓடவில்லை.
இதையே சென்னையிலிருந்து போனில் கேட்ட
வயிரவன் அண்ணனிடம் சொன்னேன்.
"அப்ப உன் லேப்டாப்பைப் பார்சல் பண்ணு" என்றார்.

ஜன்னலை மூடித் திறந்தேன்.
கணினியை அணைத்துப் போட்டேன்.
அது எழுந்து வருவதற்குள் அக்கா
ஒரு நீலப் பேனா தேடிப்பிடித்து
வெள்ளை இடங்களில் எழுத ஆரம்பித்திருந்தார்.

ஜன்னலிடம் நேராகவே கேட்டேன், பெயர் என்ன?
வயிரவன் பலகாரம் எக்ஸ்போர்ட்ஸ், என்றது. பளிச்சென்று.
அச்சடி என்றேன். வெள்ளை.
மறுபடி கேட்டேன். பெயர் இருக்கிறது.
மறுபடி அச்சடித்தேன்.
மேசையில் குத்தியதில் தேன்குழல் டப்பா உருண்டது.

ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை ஞாபகம் வந்தது, அந்த நேரம் பார்த்து.
இனிஷியல் என்ன என்று கிளார்க் கேட்டார்.
அம்மா தன் பெயரின் முதல் எழுத்தைச் சொன்னாள்,
ரெண்டு தடவை, சத்தமாக.
அவர் காதில் விழுந்தது. படிவத்தில் விழவில்லை.

பிறகுதான் வேறு மாதிரி கேட்டேன்:
உன்னிடம் என்ன இருக்கிறது என்றில்லை,
புறப்படுகிறவன் கையில் என்னென்ன கொடுத்தனுப்புகிறாய்?
வரிசையாக வந்தது. வீட்டுப் பாதை, மொழி,
பயனர், தேடும் இடங்கள், திரையின் நிறம்கூட.
பெயர் மட்டும் அதில் இல்லை.
பையைக் கொடுத்துப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பிவிட்டு
காசை மடியிலேயே முடிந்துவைத்திருக்கிறது ஜன்னல்.
அதன்மேல் தப்பில்லை.
கோப்பில் அந்த வரியின் தொடக்கத்தில்
ஒரு சொல்லை விட்டிருந்தேன் நான்,
போன வாரம், ஊர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில்.

"என்ன சொல்லு அது?" என்றார் அக்கா.
எக்ஸ்போர்ட்.
அவர் பேனாவை வைத்துவிட்டு
ஜன்னலுக்கு வெளியே, நிஜ ஜன்னலுக்கு,
முதுகு காட்டித் தொங்கும் பெயர்ப்பலகையைப் பார்த்தார்.
"வாசல்ல அவ்வளவு பெருசா எழுதி வச்சிருக்கு,
உள்ள எழுதலையாக்கும்."

எழுதினேன். கோப்பை மறுபடி வாசிக்கச் சொன்னேன்.
பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு
பெயரைத் துப்பியது, மூன்று ஐம்பதுக்கு.
பழைய ஸ்டிக்கர் மேலேயே புதியதை ஒட்டினோம்.
கடைசி நாற்பதுக்கு நேரமில்லை, டிரைவர் ஹாரன் அடிக்கிறார்,
பேனாவால் எழுதியது எழுதியபடி ஏறட்டும் என்றேன்.

வேனின் கதவைச் சாத்தும்போதுதான் படித்தேன்.
எண்ணெய்யில் கொஞ்சம் வழுக்கிய நீல மை,
ஒவ்வொரு பெட்டியிலும் அதே சாய்வு:

அனுப்புநர்: பஞ்சவர்ணம்,
கழனிவாசல்.

டிரைவர் கியர் போட்டார்.
நான் கையைக் காட்டி நிறுத்தவில்லை.